யார் எழுதியது?

அன்று ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருபத்திரண்டு பேர், வார்டன் கமலாம்பாள், சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ் செம்மொழி. ஆக மொத்தம் இருபத்துநாலு.

நர்ஸ் மாணவிகளுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். காதல், கல்யாணம், உடம்பு, எதைப் பற்றியும் கேட்கலாம். பெயர் வேண்டாம். கேட்க ஒன்றுமில்லை என்றால் வெறும் சீட்டை மடித்து டப்பாவில் போட்டால் போதும் என்றார்.

குந்தவைக்குக் கேட்க இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினம் வா, ரூம் போட்டிருக்கிறேன் என்கிறான் சதீஷ். தயங்கினால், உன் ஃப்ரெண்ட்ஸ் யாரும் போகவில்லையா என்கிறான். அறைத்தோழி ஃபெபியும் அதையேதான் சொன்னாள்.

"எல்லாரும்தான் போறோம். நீ மட்டும் என்னடி பட்டிக்காடு?"

இன்றைக்குள் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் வார்டன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். குந்தவை வெறும் சீட்டை மடித்துப் போட்டாள்.

டப்பா சுற்றி வந்தது. நர்ஸ் ஒரு சீட்டைப் பிரித்து வாசித்தார்.

"எல்லாரும் போறாங்கன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் பயமா இருக்கு. போகலைன்னா விட்டுட்டுப் போயிடுவானா?"

கூடத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. குந்தவை சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தாள். தன்னைப் போல இன்னொருத்தி.

"எல்லாரும்னா யாரு? தலை எண்ணிப் பார்த்தீங்களா?" என்றார் நர்ஸ். "மனசு இல்லைன்னா வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்காக விட்டுட்டுப் போறவன் போகட்டும்."

வாசித்த சீட்டை மடித்து டப்பாவிலேயே போட்டுவிட்டு, இன்னும் நாலு எடுத்தார். ஆணுறை கேட்டால் தப்பாக நினைப்பானோ என்று ஒன்று. முதல் தடவையில் கர்ப்பம் ஆகாதாமே, நிஜமா என்று ஒன்று. ஆகும் என்றார். ஆணுறை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். எதற்கும் குரலைத் தாழ்த்தவில்லை.

ஐந்தாவது கேள்வியோடு வார்டன் எழுந்துவிட்டார்.

"போதும். டப்பாவை இப்படிக் கொடுங்க. அவுட்பாஸ் நோட்டுல இவளுங்க கையெழுத்து பூரா இருக்கு. அந்த அஞ்சு பேர் யாருன்னு பார்த்து, இன்னைக்கே வீட்டுக்குப் போன் போடறேன்."

பெயர் கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே என்றார் நர்ஸ். வார்டன் அதைக் காதில் வாங்காமல் டப்பாவை இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஒரு போன் போனால் படிப்பு அதோடு சரி என்பது குந்தவைக்குத் தெரியும். யாரோ ஒருத்தி, தனக்கும் சேர்த்துக் கேட்டவள், மாட்டிக்கொள்ளப் போகிறாள். எழுந்தாள்.

"மேடம், முதல் கேள்வி என்னுது."

பின்னாலிருந்து இன்னொரு குரல். "இல்லை மேடம். அது என்னுது."

திரும்பிப் பார்த்தாள். ஃபெபி, தலை நிமிராமல் நின்றாள்.

அப்புறம் ஆஷ்லின், பிரகதீஸ்வரி என்று ஒவ்வொருத்தியாக. ஐந்து கேள்விக்கு எழுந்து நின்றவர்கள் ஒன்பது பேர்.

குந்தவை நின்றபடியே போனை எடுத்து, 'வரலை' என்று சதீஷுக்கு அனுப்பினாள்.

வார்டன் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முன்னும் பின்னும் புரட்டினார். நர்ஸை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அவுட்பாஸ் நோட்டைத் திறக்கவே இல்லை.

"உட்காருங்க எல்லாரும்" என்றவர், அடுத்த மாதமும் வர முடியுமா என்று நர்ஸைக் கேட்டார்.

முன்வரிசையில் இருந்த குந்தவைக்கு மேசை நன்றாகத் தெரிந்தது. பிரித்துக் கிடந்த சீட்டு இருபத்திரண்டு. எழுதியிருந்தது ஒன்றுகூட இல்லை.