கீழே இறங்கிய தலைவர்

மகாராணி எழுந்துவிட்டாள்.

"எந்திரிங்க, போவோம்."

குழந்தைவேல் மனைவியின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இரு. கடைசி வரி இன்னும் வரல."

கொடைக்கானலில் அந்தச் சின்ன அரங்கம் நிறைந்திருந்தது. ஜெயப்பிரியா வாராவாரம் பத்திரிகையில் எழுதிய நையாண்டிக் கட்டுரைகள் புத்தகமாக வந்திருந்தன. மேடையில் நின்று அவற்றில் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள்.

பெரும்பாறைப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்கு வராத சாலையைப் பற்றிய கட்டுரை. அப்போது அங்கே ஊராட்சித் தலைவர் குழந்தைவேல்.

"சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல்லில் தலைவர் பெயரைப் பெரிதாகப் பொறித்தார்கள். முதல் மழையிலேயே கல் உருண்டு பள்ளத்துக்குப் போய்விட்டது…"

அரங்கம் குலுங்கியது. தெரிந்தவர்கள் திரும்பிக் குழந்தைவேலைப் பார்த்தார்கள்.

மகாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கட்டுரை வந்த வாரத்தை அவள் மறக்கவில்லை. பஸ்ஸில் சிரித்தார்கள். ரேஷன் கடையில் சிரித்தார்கள். யார் யாரோ செல்போனில் அனுப்பி அனுப்பி, மாவட்டமே சிரித்தது.

மானம் போகிறதென்று அதிகாரிகள் மலையேறி வந்து பார்த்தார்கள். அதுவரை நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் போர்வையில் தூளி கட்டித்தான் தூக்கிப் போவார்கள். அந்த வருடமே தார்ச்சாலை வந்தது. ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது.

அடுத்த தேர்தலில் குழந்தைவேல் தோற்றார். 'உருண்ட தலைவர்' என்ற பெயர் மட்டும் மிச்சம்.

மேடையில் ஜெயப்பிரியா நிறுத்தினாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து நேராகக் குழந்தைவேலைப் பார்த்தாள், எதையோ சொல்லிவிடவா என்று அனுமதி கேட்பதுபோல.

அவர் இல்லையென்று லேசாகத் தலையசைத்தார். வேண்டாம்.

ஜெயப்பிரியா கடைசி வரியை வாசித்தாள்.

"ஓட்டு வாங்கிய பிறகும் கீழே இறங்கி மக்களைப் பார்க்கப் போன தலைவர், எங்கள் மலையில் இவர் ஒருவர்தான்."

சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரம் ஆனது.

குழந்தைவேல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

மகாராணிக்கு எதுவோ உறைத்தது. "அந்தப் பிள்ள ஏன் உங்களையப் பாத்துச்சு?"

அவர் அவள் காதருகே குனிந்தார்.

"அந்த வரி நான் சொன்னது."

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"எத்தன மனு குடுத்தோம்? ஒருத்தன் அசையல. என்னையக் கிண்டலடிச்சு எழுதுங்கம்மான்னு நாந்தான் போன்ல கேட்டேன். மாட்டேன்னுச்சு. பாதிக்கு மேல நானே சொல்லிக் குடுத்தேன்."

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா, ஒருத்தன் என்னையப் பாத்துச் சிரிச்சாலும் நீ சண்டைக்குப் போய் உண்மைய ஒடச்சிருப்ப. அப்புறம் ரோடு ஏது?"

மகாராணி கணவரையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் எதுக்குத்தா தப்பா எடுக்கப்போறேன்?" என்றாள் மகாராணி. "வாயப் பொத்தாம நல்லாச் சிரி."