சாய்த்து வைத்த திருகு

இராஜாக்கமங்கலம் ரெஜினாள் உள்ளே வந்ததும், குறை சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று பல் டாக்டர் சிவபிரசாத் நினைத்தார். படகில் அடிபட்டு அவள் மகன் அஜினுக்கு விழுந்துபோன முன்பல்லுக்குப் பதிலாக, போன வருடம் அவன் கல்யாணத்துக்கு முன்பு எலும்பில் திருகு வைத்துப் புதுப்பல் பொருத்தியவர் அவர்தான்.

"டாக்டரே, இந்தத் திருகுப் பல்லு இப்போ எல்லாவனும் வைக்கானுவ, இல்லியா?"

"வைக்காங்கதான். ஏன், அஜினுக்கு ஆடுதா?"

"அதில்ல. கேரளாவுலயும் வைப்பாங்கதானே? எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கும்?"

அவருக்குச் சுருக்கென்றது. தன் வேலையை மட்டமாக நினைக்கிறாளே!

"எப்படிம்மா ஒண்ணு போல இருக்கும்? உங்க மகனுக்கு எலும்பு மெலிசு. அதனால திருகை நல்லாச் சாய்ச்சு வச்சேன். வேற யாரும் துணிய மாட்டாங்க. ஆயிரம் பல்லுக்கு நடுவுல கிடந்தாலும் என் கைவேலை எனக்குத் தெரியும்."

"உப்புத் தண்ணியில கிடந்தா?"

"எத்தனை நாள் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்று அவர் சிரித்தார்.

ரெஜினாள் போனை நீட்டினாள். திரையில் ஒரு தாடையின் எக்ஸ்ரே தெரிந்தது.

"கடலுக்குப் போன பிள்ளை இன்னும் வரல்ல டாக்டரே. கொல்லத்துல ஒரு உடம்பு கரையில ஒதுங்கியிருக்கு. முகம் தெரியல்லியாம். போலீசு இதை அனுப்பிச்சு."

அவர் பார்த்தார். திருகு நன்றாகச் சாய்ந்திருந்தது.

"உங்க கைவேலை இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டரே. மருமக இன்னும் ஒரு பருக்கை தின்னல்ல. நான் போயி அவளைத் தின்ன வைக்கணும்."