துருத்திக்கொண்டு தெரிய வேண்டும்

"தெரியணும் வெல்டா. கொஞ்சம் துருத்திக்கிட்டுத் தெரியணும்."

வெல்டா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு ராய்ஸை மேலும் கீழும் பார்த்தாள்.

டெக்சாஸின் அந்தச் சின்ன ஊரில் இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளாத ஆம்பளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வைத்திருப்பது பெரிசில்லை. சட்டைக்கு மேல் தெரியாமல் வைத்திருக்க வேண்டும், அதுதான் மரியாதை. அதற்காகவே வெல்டாவின் தையல் கடைக்கு வருவார்கள். இடுப்புப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி, உள்ளே தடியாக ஒரு துணி கொடுத்து அனுப்பினாளானால், குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. பக்கத்து ஊர் வரைக்கும் அவளுக்கு அதில் பேர்.

இருபது வருஷத்தில், தெரியும்படி தைக்கச் சொன்ன முதல் ஆள் இந்த ராய்ஸ்தான்.

"உங்களுக்கு என்ன வயசு ராய்ஸ்?"

"அறுபத்தெட்டு."

"பதினெட்டோன்னு பார்த்தேன். இடுப்பைக் காட்டிக்கிட்டுத் திரியணும்னு கேக்கறீங்களே!"

ராய்ஸ் லேசாகச் சிரித்தார். அவர் மனைவி பெர்னீஸ் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார். சட்டை ஆணியில் மாட்டினதுபோல் தொங்கியது.

வெல்டாவுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல் இவர்மேல் மட்டுமில்லை, தன் புருஷன் ஹார்லன்மேலும்தான்.

காபிக் கடையில் தினமும் காலையில் ஆறு பேர் ஒரே மேஜையில் உட்காருவார்கள். ராய்ஸ் உள்ளே நுழைந்ததும் ஹார்லன் ஆரம்பித்துவிடுவார்.

"டேய் ராய்ஸ், துப்பாக்கி தெரியுதுடா! சட்டையை இழுத்து விடு!"

மேஜையே கொல்லென்று சிரிக்கும். இன்றைக்கு அங்கே ஒரு வேலையாகப் போன வெல்டா அதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். புருஷனை வெளியே கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தாள்.

"பொண்டாட்டியைப் பறிகொடுத்து அஞ்சு மாசம்தான் ஆகுது. நாலு பேர் முன்னாடி அந்த மனுஷனோட மானத்தை வாங்கறீங்களே, நீங்கள்லாம் ஒரு சிநேகிதனா?"

ஹார்லன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நாளாகவே எதைக் கேட்டாலும் இப்படித்தான். ஏப்ரலில் வீட்டிலிருக்கும் துப்பாக்கிப் பெட்டியின் பூட்டு நம்பரை மாற்றினார். புது நம்பர் என்ன என்று கேட்டால், "மறந்துபோச்சு" என்கிறார்.

"இவ்வளவு கிண்டல் பண்றாங்களே, மறைச்சுத் தைக்கச் சொல்லி வருவீங்கன்னு பார்த்தா..." என்றாள் வெல்டா.

"காலையில நீங்க ரெண்டு பேரும் வெளியே போனதும் எங்க மேஜையில உக்கார்ற கர்டிஸ் கேட்டுட்டான் வெல்டா. 'எங்கடா தெரியுது? எனக்கு ஒண்ணும் தெரியலையே'ன்னு." ராய்ஸின் குரலில் பயம் இருந்தது. "சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. ரெண்டு பக்கமும் பிடிச்சுக் கொடு."

இதற்கு ஏன் பயப்பட வேண்டும்? ஒன்றும் விளங்காமல், வெல்டா அவர் இடுப்புப் பக்கம் துணியை இழுத்துப் பிடித்தாள். விரல் உள்ளே இருந்ததில் இடித்தது. 'டொக்' என்றது.

இரும்பு இப்படிச் சத்தம் போடாதே!

சட்டை நுனியைத் தூக்கிப் பார்த்தாள். தோல் உறைக்குள் கறுப்புச் சாயம் பூசிய ஒரு மரக்கட்டை.

"என்ன ராய்ஸ் இது?"

ராய்ஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடையில் வேறு யாரும் இல்லை.

"அவ போன பிறகு ஒருநாள், துப்பாக்கியைச் சாப்பாட்டு மேஜைமேல வச்சு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்கே பயமாப் போச்சு. உடனே எடுத்துக்கிட்டுப் போய் ஒருத்தன்கிட்ட கொடுத்துட்டேன். 'நான் தேறி வர்ற வரைக்கும் நீ வச்சுக்கோ, கெஞ்சினாலும் தராதே'ன்னு."

வெல்டா எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்ல காரியம்தானே பண்ணினீங்க? இதைப்போய் எதுக்கு மறைக்கணும்?"

"இடுப்பு காலியா இருந்தா ஏன்னு கேப்பாங்க. அப்புறம் ஊரே என்னைப் பாவமாப் பார்க்கும். அதைத் தாங்கற தெம்பு எனக்கு இல்லம்மா. அவன்தான் இந்தக் கட்டையைச் செதுக்கிக் கொடுத்தான். 'யாருக்கும் சந்தேகம் வராம நான் பார்த்துக்கறேன். தினமும் எல்லார் முன்னாடியும், துப்பாக்கி தெரியுதுடான்னு கத்தறேன், நீ சட்டையை இழுத்து விட்டுக்கோ'ன்னான்."

வெல்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் மாசம். பெட்டியின் புது நம்பர். காலையில் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு, பூட்ஸைப் பார்த்தபடி நின்ற அந்த முகம்.

"என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே அவர்!"

"சொல்ல மாட்டான். சத்தியம் வாங்கியிருக்கேன்."

வெல்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரை எழுந்து நிற்கச் சொல்லி, குண்டூசிகளை எடுத்து, இரண்டு பக்கமும் நன்றாகவே பிடித்துக் குத்தினாள்.

மறுநாள் காலை. காபிக் கடைக்குள் ராய்ஸ் நுழைந்தார். ஹார்லன் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு வெல்டா.

"ஐயையோ ராய்ஸ்! நேத்து நான் தைச்ச சட்டைதானே இது? துப்பாக்கி இப்படித் துருத்திக்கிட்டு நிக்குதே! இழுத்து விடுங்க, யாராவது பார்த்தா என் பேரு என்னத்துக்கு ஆகும்?"

மேஜை அதிர எல்லாரும் சிரித்தார்கள். ராய்ஸ் அவசரமாகச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இருபது வருஷத்துல இப்படி ஆனதே இல்லையே. உன் கைக்கும் வயசாயிடுச்சா வெல்டா?" என்று கேட்டார் கர்டிஸ்.

"ஆமா கர்டிஸ், கண்ணும் சரியாத் தெரியலை" என்று சொல்லிவிட்டு, வெல்டா தன் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.