பூனைக்குப் பால்

“பூனைக்குத்தான் பால் கொண்டு போனேன். நூறு தடவை கேட்டாலும் பூனைக்குத்தான்.”

அக்னெஸ் நிமிர்ந்து நின்றே சொன்னாள். போர் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. போலந்தில், சைலீசியாப் பகதியின் அந்தச் சுரங்க ஊரில், ஜெர்மன்காரர்கள் கட்டிய முகாமில் இப்போது ஜெர்மன்காரர்களே அடைபட்டிருந்தார்கள். போரின்போது ஜெர்மன்காரர்கள் தங்கள் இனத்தவர் என்று எடுத்த பட்டியலில் பெயர் இருந்ததால் அவளும் உள்ளே.

அவளை விட்டுவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரி மனுப் போட்டிருந்தாள். நாஜிகள் தேடிய யாரையோ அக்னெஸ் இரண்டு குளிர்காலம் வைக்கோல் பரணில் ஒளித்து வைத்தாளாம். அது யாரென்று அவள் சொல்லி, அந்த ஆளும் கையெழுத்துப் போட்டால் இன்றே வீடு. இல்லையென்றால் மாலை லாரியில் நிலக்கரிக் குழிக்கு. அங்கே போனவர்கள் இதுவரை திரும்பவில்லை.

“தினம் ஒரு வாளிப் பாலா? என்ன பூனை அது?” தட்டச்சு எந்திரத்தின் முன்னால் இருந்த விக்டர் சிரித்தான்.

“பெரிய பூனை.”

முகாம் தளபதி டூபியெல் சிரிக்கவில்லை. நாஜிகளை எதிர்த்துக் காட்டில் இரண்டு குளிர்காலம் துப்பாக்கியோடு நின்றதற்காகக் கம்யூனிஸ்ட் கட்சி கொடுத்த பதக்கம் அவன் மார்பில் இருந்தது. இந்த நாற்காலியும் அதற்காகக் கிடைத்ததுதான்.

“பேரைச் சொல்லு. அவனுக்கு ஒண்ணும் ஆகாது,” என்றான் மெதுவாக.

“போன வருஷம் வந்த நாஜி அதிகாரியும் இதையேதான் சொன்னார். சட்டைதான் வேற கலர்.”

“ஏய் கிழவி, யார்கிட்டப் பேசுறே தெரியுமா?” என்று விக்டர் எழுந்தான்.

“தெரியும். காட்டுல பீரங்கியையே பார்த்தவர். ஒரு பூனைக்கு ஏன் இவ்வளவு பயப்படுறார்?”

உண்மையில் அவளுக்குப் பெயர் தெரியாது. முகமும் தெரியாது. தெரிந்தால் அடி தாங்காமல் சொல்லிவிடுவோமோ என்று, ஏணிக்கடியில் வாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். அவன் இவர்கள் கட்சியோ, இவர்களுக்கு ஆகாத கட்சியோ! கடவுள் தன் கையில் ஒப்படைத்த உயிர். எந்தச் சீருடைக்கும் அதைத் தூக்கிக் கொடுப்பதாக இல்லை.

“எழுதிக்கோ தம்பி. பூனை. நான் லாரிக்குப் போறேன்.” கதவை நோக்கி நடந்தாள்.

“ஞாயித்துக்கிழமைன்னா பால் மட்டும் இல்லை,” என்றான் தளபதி. “வாளி மேல, துணியில சுத்தி, கசகசா கேக்கும் இருக்கும்.”

அக்னெஸ் நின்றுவிட்டாள். கேக் விஷயம் பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

அவன் பதக்கத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

“உட்காருங்கம்மா,” என்றவன் விக்டர் பக்கம் திரும்பினான். “டைப் அடி. பூனையின் பெயர், காஸ்பர் டூபியெல். கையெழுத்தை நானே போடுறேன்.”