எதிரில் வந்தவள்

“நேத்தே வரச் சொன்னேனே?” என்றார், குழந்தைகளின் கண் புற்றுநோய்க்குப் புது மருந்து ஆராயும் டாக்டர் பூவிழி.

பேத்தி மடியில் தூங்க, சீர்காழி மிராசுதார் துரைராசு நெளிந்தார். “கெளம்பறப்ப ஒத்தக்கண்ணி ஒருத்தி எதிர்ல வந்துட்டா டாக்டரம்மா. காரைத் திருப்பிட்டேன். புள்ள கண்ணைக் காப்பாத்திடுவீங்கல்ல?”

“அதுக்குத்தான் இந்த மருந்து. ஆமா, உங்க வயல்ல வேலை செஞ்ச முருகையன் மகளை ஞாபகம் இருக்கா?”

“நடவு அன்னிக்கு எதிர்ல வந்து நின்னாளே, அந்த ஒத்தக்கண்ணியா? வாய்க்கால்ல புடிச்சுத் தள்ளினேன்!” சிரித்தார்.

பூவிழி தன் இடது கண்ணைக் கழற்றி உள்ளங்கையில் நீட்டினார். செயற்கைக் கண்.

“எனக்கும் இதே நோய்தான். இனிமே ஒவ்வொரு தடவையும் மருந்து ஏத்தப்போறது நான்தான். இதோ, எதிர்லயே நிக்கிறேன். காரைத் திருப்பச் சொல்லவா, ஐயா?”