பழத்தட்டின் நடுவே ஒரு சிங்கம்

இன்னும் ஐந்து பிளம்ஸ்தான் தட்டில் இருந்தன.

அவள் சமையல்கட்டுக் கதவிடுக்கில் கண்ணை வைத்து எண்ணினாள். மேசையைச் சுற்றி ஏழு வெள்ளைக்காரர்கள். வெள்ளைக் கையுறையோடு அவள் புருஷன், பட்லர் முனிரத்தினம், தட்டை ஏந்தி ஒவ்வொருவர் பக்கமும் குனிந்தான்.

தட்டின் விளிம்பு பொன்னாய் மின்னியது. துரையின் பாட்டனார் சீமையில் பெரிய பிரபுவாம். அவர் குடும்பத்துக்கென்றே செய்த தட்டு. நடுவில் குடும்பச் சின்னம், வாளேந்திய சிங்கம்.

அந்தச் சிங்கம் வெளுத்துக் கிடந்தது. பழங்களுக்கு அடியில்.

பாவி, எல்லாம் அவள் செய்த வேலை.

நேற்று முனிரத்தினத்துக்குக் குளிர்காய்ச்சல். தட்டைத் துடைத்து வைக்காவிட்டால் துரைசானி வள்ளென்று விழுவாள். சரி, நாமே செய்வோம் என்று எடுத்தாள். வெள்ளித் தட்டு என்று அவன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வெள்ளி மஞ்சளாக இருந்தால் என்ன அர்த்தம்? விளக்கி வருஷக்கணக்காகிறது என்று அர்த்தம். கொலுசு மங்கினால் திருநீறு போட்டுத் தேய்ப்பாள், பளிச்சென்று ஆகிவிடும். இதற்குத் திருநீறு போதவில்லை. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்தாள்.

கை விட்டுப்போகும்வரை தேய்த்தாள்.

நடுவில் வெள்ளை எட்டிப் பார்த்தபோது எவ்வளவு சந்தோஷம்! இத்தனை காலம் இந்த மனுஷன் என்னத்தைத்தான் விளக்கினாரோ என்று சிரிப்புகூட வந்தது.

இன்று காலை கோட்டுப் பொத்தானைப் போட்டபடி அவன் சொன்னான். "அந்தப் பழத்தட்ட மட்டும் தேய்ச்சிக் கீய்ச்சி வைக்காதடி. உள்ளதான் வெள்ளி. மேல தங்கம் பூசினது."

அவனிடம் சொல்லாமலே அவள் ஓடிப்போய்த் தட்டு நிறையப் பழத்தைக் குவித்தாள்.

தங்கம் எங்கே என்று கேட்பார்களே. சாம்பலோடு சாக்கடையில் போயிற்று என்றால் எந்தத் துரை நம்புவான்? பட்லர் சுரண்டி விற்றுவிட்டான் என்பார்கள். போன வருஷம் ஒரு கரண்டி காணோம் என்று சமையல்காரனை விலங்கு மாட்டிக் குன்னூர் பஜார் வழியாக நடத்திப் போனார்கள். இன்னும் அவன் திரும்பி வரவில்லை.

மூன்று.

ஆத்தா மாரியாத்தா, இவர்கள் வயிறு நிறையவே நிறையாதா?

ஒரு கிழவி இரண்டை எடுத்துக்கொண்டாள். கடைசிப் பழத்தைத் துரைசானி எடுத்தாள், பேச்சு சுவாரசியத்தில் தட்டைப் பார்க்காமலே.

முனிரத்தினம் பார்த்தான்.

அப்படியே நின்றான். பிறகு ஒரு கையால் தட்டைத் தாங்கி, மறுகையை மெல்ல அதன் நடுவில் வைத்து மூடினான். கண் மட்டும் கதவிடுக்குக்கு வந்தது.

அதில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கப்பலேறி வந்திருந்த துரையின் அண்ணன் ஏதோ கேட்டான். துரை சிரித்தபடி திரும்பினான். "பட்லர், தட்டு இங்கே வை. அண்ணன் சிங்கம் பாக்கணும்."

முனிரத்தினம் வைக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் துரை எதையும் அவனுக்கு இரண்டாம் முறை சொன்னதில்லை.

"பட்லர்!"

சாப்பாட்டு அறைக்குள் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வைக்கவும் கூடாது. கதவைத் தள்ளினாள். அவள் உள்ளே வரவும் முனிரத்தினம் வாய் திறக்கவும் சரியாக இருந்தது.

"நாந்தான் தொரே. எல்லாம் நாந்தான்."

ஏழு முகங்களும் அவன் பக்கம் திரும்பின. அவளை யாரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் வந்த வழியே போய்விடலாம்.

அவள் தனக்குப் பின்னால் கதவைச் சாத்திவிட்டு மேசையை நோக்கி நடந்தாள்.