மூன்றாவது சதுரம்

சமையலறையின் பின்வாசலை ஒட்டி, வெயில் விழும் சிமென்ட் தரையில் மூன்று சதுரங்களைத் தேய்த்து வைத்திருந்தேன். முதலாவது மங்கல். அடுத்தது அரைப் பளபளப்பு. மூன்றாவது, கண்ணாடி.

"இந்த வீட்டுலயாவது இவ கை சுட்டுக்கக் கூடாது மேஸ்திரி. அதுக்கேத்த தரையா சொல்லுங்க," என்றார் கணவர்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். பழையதும் புதியதுமாக.

பழைய வீட்டுத் தரை வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். என் ஓட்டு மங்கலுக்குத்தான்.

ஆனாலும் விளக்கம் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

பளபளப்பு மேலே பூசுவதல்ல, எல்லாம் கீறல்தான் என்று ஆரம்பித்தேன். கீறல் பெரிதாக இருந்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும், அது மங்கல். நைஸான கல்லாக மாற்றி மாற்றித் தேய்த்தால் கீறல் மெலிந்துகொண்டே போகும். கடைசியில் சிதற வழியில்லாமல், தரையில் அடித்த பந்துபோல, வெளிச்சம் ஒரே பக்கமாக எகிறிப் போய்விடும்.

இந்த இடத்தில் பலரும் போனை எடுத்துவிடுவார்கள். அந்த அம்மாவோ என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கணவர் அந்த அம்மாவுக்கு எதிரே வந்து நின்றார். "கண்ணாடின்னா சீப்பு மட்டும் வாங்கினாப் போதும். குனிஞ்சு தலை சீவிக்கலாம்."

"சீவ உங்களுக்கு முடி வேணும்ல," என்றார் அந்த அம்மா.

பிறகு அடுப்பு வரப்போகும் இடத்தில் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நீங்க வெளிய போயிட்டு, ஒவ்வொரு சதுரமா மிதிச்சு உள்ள வாங்க."

மங்கலை மிதித்துக் கணவர் வந்தார். அந்த அம்மா அசையவில்லை.

அரைப் பளபளப்புக்குக் கழுத்தை லேசாகச் சாய்த்தார். அவ்வளவுதான்.

மூன்றாவதன் விளிம்பில் கால் பட்டதுமே அந்த அம்மா கையைத் தூக்கினார்.

"இதுதான். ராத்திரிக்கு வெளிய ஒரு பல்பு மாட்டிக்கலாம்," என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"எண்ணெய் சிந்தினா வழுக்குமேம்மா," என்றேன்.

பதில் இல்லை. சற்று உரக்கச் சொன்னேன். அதற்கும் இல்லை.

கணவர் என் பக்கத்தில் வந்தார். அந்த அம்மா ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவருக்கே அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும், குரல் இறங்கியிருந்தது.

"அவளுக்குக் காது கேட்காது மேஸ்திரி. வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவா. அடுப்புல நிக்கிறப்ப பின்னாலருந்து யாராவது தொட்டா, தூக்கிவாரிப் போட்டுடும். கையில சட்டி இருக்கும்."

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன்.

அந்த அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில், மூன்றாவது சதுரத்திலிருந்து எகிறிய வெயில், ஒரு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமாகத் தரையிலிருந்து வெளிச்சத்தைக் கிளப்பிவிடுகிறவன் நான். அது எங்கே போய் இறங்குகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

கூப்பிடுவதற்காகக் கணவர் அந்த அம்மாவின் தோளை நோக்கி நகர்ந்தார். அவரைத் தடுத்துவிட்டு, மூன்றாவது சதுரத்தின்மேல் என் காலை நீட்டினேன்.

சுவரில் வெயில் அணைந்தது.

"சொல்லுங்க," என்று அந்த அம்மா நிதானமாகத் திரும்பினார்.